மச்சினன் மார்க்

அன்பும் கோபமும் சரிபாதியாக, அத்தானுக்கு,

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பக்கம் என்றால் பத்திரிகைப் பக்கம். மாதாமாதம் நீங்கள் கேமராக்களைப் பரிசோதித்து மார்க் போட்ட இந்த இடத்தை இந்த மாதம் ஆசிரியர் எனக்குக் கொடுத்து, அஞ்சலி எழுதச் சொல்லியிருக்கிறார். எனக்கு அஞ்சலி வராது, சண்டைதான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த கை, எழுத்துப் பிழை இருக்கும். திருத்த நீங்கள் இல்லை.

புதிதாக இந்தப் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு என்னை யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? நான் உங்கள் மனைவி செல்வியின் தம்பி. கொச்சியில், தோப்பும்படியில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவன். உங்கள் தயவில் ‘மச்சினன்’ என்று ஊருக்கெல்லாம் தெரிந்தவன்.

தெளிவு, வேகம், பேட்டரி, கைக்கு அடக்கம் என்று எல்லாப் பத்திரிகையும் போடும் மார்க்குகளைப் போட்டுவிட்டு, கடைசியில் ‘மச்சினன் மார்க்’ என்று ஒன்று போடுவீர்கள். மட்டாஞ்சேரி வீட்டு வாசலில், பாதி நிழலில், சுண்ணாம்புச் சுவரை ஒட்டி என்னை நிறுத்துவீர்கள். இவ்வளவு கறுப்பான முகத்தை அந்தக் கேமரா உள்ளபடி எடுக்கிறதா என்பதுதான் பரீட்சை. சில கேமரா என்னைச் சாம்பலாக்கும். சில கேமரா செம்புக் குடமாக்கும். சிலது என் மேல் இரக்கப்பட்டு வெளுத்துவிடும், அதற்குத்தான் நீங்கள் ஈவு இரக்கமில்லாமல் மார்க்கைக் குறைப்பீர்கள்.

“மாப்ளே, இவ்ளோ பெரிய கேமராவுக்கு ஒன் மூஞ்சி தெரியலியே. மார்க்க அதுக்குக் கொறைக்கவா, ஒனக்குக் கொறைக்கவா?” என்பீர்கள். பத்துக்கு ஆறைத் தாண்டி எந்தக் கேமராவும் வாங்கியதில்லை. ஹார்பரில் மீன் ஏற்ற வரும் தமிழ் டிரைவர்கள்கூட, “அண்ணே, இந்த மாசம் நாலுதானா?” என்று என்னைக் கேட்பார்கள், ஏதோ நான் பரீட்சையில் தோற்ற மாதிரி.

அத்தான், அப்படிப்பட்ட உங்களை இவர்கள் வெளுத்துவிட்டார்கள்.

எலிக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன அன்றைக்கே கொச்சங்காடி முக்கில் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. நீங்கள் வேலை பார்த்த மசாலா கிடங்கின் நண்பர்கள் பாசத்தோடு வைத்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓணச் சாப்பாட்டில் யாரோ போனில் எடுத்த படம். போனே பாதி வெளுத்திருந்தது, மீதியை ஃபிளெக்ஸ் கடைக்காரன் பார்த்துக்கொண்டான். ரோஜா உதடு, மாவு தடவின மாதிரி கன்னம். லாட்டரி விற்கும் சேட்டன் அதன் முன்னாலேயே நின்றுகொண்டு, செத்தது யார் என்று என்னிடம் கேட்டார்: “ஆரா மரிச்சே?” உங்கள் பெயரைச் சொன்னேன். அவர் ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அப்போ இது ஆரா?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதே படத்தைத்தான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினோம். வேறு படம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் பவுடர் அப்பி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆதார் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அலமாரியைத் திறந்தால் பெட்டி பெட்டியாக நான்தான் இருக்கிறேன், வாசலில் முறைத்துக்கொண்டு.

கொஞ்ச நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். சாயா போட்டுக்கொடுத்துவிட்டு, அடுப்பைத் துடைத்தபடியே சொன்னாள். “எனக்கு அவரு முகம் மறந்து போகுதுடா. கண்ண மூடினா அந்தச் சட்டத்துல இருக்கிற ஆளுதான் வர்றான். நெசமான முகம் வர மாட்டேங்குது. நான் என்ன பொண்டாட்டிடா?”

“அதெல்லாம் வரும்க்கா” என்றேன். அந்த வெள்ளைக்காரன் சுவரில் இருந்து இறங்கி அவள் கண்ணுக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறான். தினம் தினம் உங்களை அங்கிருந்து காலி செய்துகொண்டிருக்கிறான். உங்களுக்கு அவள் கண்ணை விட்டால் வேறு எந்த இடம் இருக்கிறது?

அப்போதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. கடைசியாக வந்த கேமரா. “கேமரா தெரியாதவன் கையில எப்படி வேல செய்யுதுன்னு பாக்கணும், இன்னைக்கு நீ எடு” என்று என் கையில் கொடுத்துவிட்டு, என் இடத்தில் நீங்கள் போய் நின்றீர்கள். ஒரே ஒரு தரம் அமுக்கினேன். பின்னால் திரையில் வந்ததை நீங்கள் ரொம்ப நேரம் பார்த்தீர்கள். “இதாம்ல நானு” என்றீர்கள். “இதுக்கு எட்டுப் போடலாம் மாப்ளே.” எட்டு என்ற எண் உங்கள் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் படம் எங்கே அத்தான்? ஏன் அப்படிச் செய்தீர்கள்? கம்பெனி கேமராவைத் திருப்பி அனுப்பும்போது மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ள வேண்டும் என்று எத்தனை பேருக்கு நீங்கள் பாடம் எடுத்திருப்பீர்கள்! உடம்பு அனலாகக் கொதிக்கும்போது, கெடு தவறக்கூடாது என்று உட்கார்ந்து பெட்டி கட்டினீர்கள். ‘ரெஸ்ட் எடுங்க’ என்று அக்கா கத்தினதைக் காதில் வாங்கவில்லை. நாங்கள் எல்லோரும் எறணாகுளம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூரியர்க்காரர் வந்து, பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கார்டு உள்ளேயே போய்விட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தக் கேமரா அடுத்த விமர்சகருக்குப் போய்விட்டது என்றார்கள். திருச்சூரில் யூடியூபில் கேமரா விமர்சனம் செய்யும் ஒரு பெண். அவளுக்குப் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் குரல் மாறிவிட்டது. “அய்யோ சேட்டா, யூனிட் கிட்டியா ஆத்யம் ஃபார்மேட்டா செய்யுந்நே. ஞான் அறிஞ்ஞில்லா.” கேமரா கைக்கு வந்ததும் கார்டைத் துடைத்து அழிப்பதுதான் முதல் வேலை, உங்களுக்கும் அதுதான் முதல் வேலை. அவளை எந்த வாயால் திட்டுவேன்?

ஆனாலும் ரயில் ஏறினேன். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை அவள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் நான். பாதி முகம் நான், பச்சைக் கோடு விழுந்த நான், கழுத்துக்கு மேலே சாம்பல் நிறக் கட்டையாக நான். என் மூஞ்சியை அவ்வளவு வெறுத்தது அன்றைக்குத்தான். ‘போதும்டா, தள்ளி நில்லுடா, அத்தான் வரட்டும்’ என்று மனசுக்குள் என்னையே விரட்டினேன்.

கடைசியில் நீங்கள் வந்தீர்கள், நகம் அளவு. பெரிய படத்தோடு சேர்த்து ஒரு குட்டிப் படத்தையும் கேமரா எழுதி வைக்குமாமே, அது மட்டும்தான் பிழைத்திருந்தது. நீலச் சட்டை தெரிந்தது. நிறம் அப்படியே உங்கள் நிறம். கண் எது, மூக்கு எது என்று மட்டும் தெரியவில்லை. அந்தப் பெண் “ஸாரி சேட்டா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், சாயா குடிக்காமல் என்னை விடவில்லை.

ஆசிரியரிடம் எட்டு என்று சொன்னேன். படத்தைப் போடாமல் மச்சினன் மார்க் போடக்கூடாது என்று நீங்களே சட்டம் வைத்திருக்கிறீர்களாம். அதனால் அந்தக் கேமராவுக்கு மார்க் இல்லை.

ஃபிளெக்ஸ் கடைக்காரனிடமும் போனேன், புத்தி கெட்டுப்போய். ஏதோ ஆப்பில் போட்டால் தெளிவாகும் என்றான். ஆயிற்று. நல்ல எடுப்பான மூக்கோடு, சிரித்த முகமாக, யாரோ ஒரு பல் டாக்டர் வந்தார். நிறமும் ஒரு படி கூடியிருந்தது. “இப்போ கிளியர் அல்லே சேட்டா?” என்றான். அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நகம் அளவுப் படத்தைத்தான் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாள். இரண்டு விரலால் விரித்தாள், சதுரம் சதுரமாக உடைந்தது. மறுபடி சுருக்கினாள். “இது நீயாக்கூட இருக்கலாம்டா” என்று போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி, நான்தான் இருக்கிறேனே, நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். எனக்கு வந்தது என்ன தெரியுமா? கேமரா. இத்தனை வருடம் நான் உங்களைப் பார்த்த பார்வையில் கண்ணும் மூக்கும் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கேமரா. சுற்றிலும் கொஞ்சம் நெற்றி, இரண்டு காது, தாடை. உங்கள் முகத்தை நான் எப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்?

அன்று சாயங்காலம் அக்கா சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆத்திரத்தில் அதைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். “அதையும் எடுத்துட்டா எனக்கு என்னடா இருக்கு?” என்று கத்தினாள்.

“நான் சொல்றேன் கேளு!” நானும் கத்தினேன். “நெத்தி சின்னது. காது ரெண்டும் விடைச்சிருக்கும். மூக்குக்கு வலப்பக்கம் ஒரு மச்சம்...”

“வலப்பக்கமா? யாரு சொன்னா? இடப்பக்கம்.”

“மீச நல்லா அடர்த்தி.”

“மண்ணாங்கட்டி. நடுவுல மெலிசா வெட்டியிருப்பாரு, சாயா குடிக்கிறப்ப நனையக் கூடாதுன்னு.”

“நெறம் என்னைய மாதிரி.”

“ஒன்ன மாதிரியா? நீ கரிடா. அவரு பழம்புளி.” சொல்லும்போது அவள் கண் மூடியிருந்தது. மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது. “சிரிச்சா இடது கண்ணு கொஞ்சம் சின்னதாகும்டா. இப்பத்தான் ஞாபகம் வருது” என்றாள்.

மறுநாள் ஆசையாகப் போய், “அத்தான் மூக்கு எப்படிக்கா இருக்கும்?” என்று கேட்டேன். யோசித்தாள், யோசித்தாள், தெரியவில்லை என்றாள். முகம் வாடிவிட்டது. “கிளி மூக்குதானே?” என்றேன். “ஒந்தலை! குடமொளகா மாதிரி இருக்கும்” என்று சண்டைக்கு வந்தாள். கேட்டால் வராது, தப்பாகச் சொன்னால்தான் வருகிறது. இது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினில்கூட இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். உங்களுக்குச் சுருட்டை முடி என்றேன், தெற்றுப்பல் என்றேன், திட்டு வாங்கினேன். திட்டுகிற அந்தக் கொஞ்ச நேரம் அவள் முகத்தில் பழைய களை வருகிறது. சட்டம் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறது.

ஆனால் நேற்று எனக்குப் பயம் வந்துவிட்டது அத்தான். மச்சத்தை மறுபடியும் வலப்பக்கம் வைத்தேன். அக்கா உடனே திருத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகுதான், “இடப்பக்கம்... இடப்பக்கம்தானே?” என்றாள். அவள் என்னைக் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லித்தானே எனக்கே தெரியும்!

நான் சொல்வதையே அவள் ஒருநாள் நம்பிவிட்டால் என்ன செய்வேன்? உங்களை மீட்கிறேன் என்று போய், நானும் என் பங்குக்கு அழித்துவிடுவேனோ? சும்மா இருந்தால் அந்தச் சட்டத்து ஆள் வருகிறான், வாய் திறந்தால் நான் கெடுக்கிறேன். ஒரு வழி சொல்லக் கூடாதா? எல்லாவற்றுக்கும் ஒரு மார்க் வைத்திருந்தீர்களே, இதற்கு என்ன போடுவீர்கள்?

இருந்தாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் சாயங்காலம் கை எண்ணெயைக் கழுவிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய், உங்கள் முகத்தைத் தப்பாகச் சொல்வேன். அவள் என்னை அடிக்க வரும்வரை சொல்வேன். என்றைக்காவது நான் சொன்ன தப்புக்கு அவள் சரி என்று தலையாட்டிவிட்டால், அதைவிடப் பெரிய தப்பாகச் சொல்வேன். என் அத்தான் நல்ல வெள்ளை என்று சொல்வேன். அதற்குமா அக்கா என்னோடு சண்டைக்கு வராமல் போவாள்?

இப்படிக்கு,
உங்கள் செல்வியின் தம்பி,
உங்களைவிட ஒரு படி கறுப்பான மச்சினன்,
முருகேசன்