சிவப்புக் குளிசை

அன்பு மகள் சஞ்சீவனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் இங்கே இருக்கிறோம், ஹந்தானையில் மழை விட்டபாடில்லை, மட்டக்களப்பு வெயிலில் உன் உடம்பைக் கதிர்காமக் கந்தன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு பிந்திவிட்டது, கோபிக்காதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் நமக்கும் பக்கத்து வீட்டு வேலாயி அக்காவுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர், இங்கே தும்மினால் அவர் அங்கே நூறு வயது என்பார், அதனால் எழுதுகிறேன்.

அப்பா உன்னிடம் சொன்னது உண்மை, டொக்டர் தந்த குளிசையை நான் நிறுத்தித்தான் விட்டேன். நீ பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுதாயாம், அதற்கு முன் நடந்ததை முழுதாகக் கேள். முதலில் உள்ளங்கையும் பாதமும்தான் அரித்தது, அப்பா வலது கை அரித்தால் காசு வருமடி என்று சிரித்துக்கொண்டு டவுனில் லொத்தர் டிக்கட் கூட வாங்கி வந்தார். பிறகு உடம்பு முழுக்க. தோலில் ஒரு பரு இல்லை, தடிப்பு இல்லை, உள்ளே எங்கேயோ அரிக்கிறது, நகம் அந்த இடத்துக்குப் போவதில்லை. இந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன், சுடுதண்ணீர் பட்டால் இன்னும் மோசம். வேப்பிலை, மஞ்சள், கலமைன் எல்லாம் பூசியாயிற்று. கிளினிக்கில்தான் சொன்னார்கள், இது தோல் வியாதி இல்லை, ஈரலில் பித்தம் தேங்கி நிற்பதால் வரும் அரிப்பு, வருஷக்கணக்காக இருக்கிற நோய் என்று. முதலில் தந்த மருந்து கேட்காததால் அந்தச் சிவப்புக் குளிசையைத் தந்தார்கள். சிறுநீர் சிவக்கும், கண்ணீர் கூட நிறம் மாறும், பயப்படாதீர்கள் என்றார் டொக்டர். கண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் அழவில்லை. ஆனால் அரிப்பு குறைந்தது மகள், தூங்கினேன்.

கறிவேப்பிலை கேட்டு வந்த வேலாயி அக்கா ஜன்னலில் இருந்த குளிசை அட்டையைப் பார்த்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் வீரசிங்கம் அண்ணனுக்கு டீபி வந்தபோது மாதக்கணக்காகக் குடித்ததும் அதேதான், நிறத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம் டீச்சர், நெஞ்சுச் சளிய மறைச்சு வச்சிருக்காங்க, புள்ளைங்கள அனுப்பாதீங்க என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வராமல் நின்றன. கஜலட்சுமியின் அம்மா வழியில் கண்டு, புள்ளைக்குத் தடிமன் டீச்சர், சொகமானதும் அனுப்புறேன் என்றார். பிள்ளை அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, தும்மல் கூட இல்லை. கோவிலில் எனக்கு மட்டும் பொங்கலை எட்டி நின்று தந்தார்கள். நான் அதையும் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வீட்டுக்கு வந்து குளிசையை அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன், அவ்வளவுதான். அரிப்பு திரும்பி வந்தது. சொறிந்து சொறிந்து கையில் இரத்தம் வந்ததைப் பார்த்துத்தான் அப்பா அலுமாரியைக் கிளறினார். நீ ஒன் ஒடம்புக்கு மருந்து குடிக்கிறியா, ஊரு வாய்க்குக் குடிக்கிறியா என்று கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவைக் குறைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அப்பாவோடு கிளினிக்குக்குப் போய் நிறுத்தியதைச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை, இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார், இனி கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்றார். வரும்போதே நேராக வேலாயி அக்கா வீட்டுக்குப் போனேன். இது டீபி இல்லை அக்கா, ஈரல் நோய், அந்தக் குளிசைதான் இந்த அரிப்புக்கும் கேட்குமாம், யாருக்கும் ஒட்டாது என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். நா எங்க டீச்சர் சொன்னே, ஊருல பேசிக்கிட்டாங்க என்றார். பிறகு, ஒரே குளுசை ரெண்டு நோய்க்குமா, என்னமோ போங்க, படிச்சவங்க சொல்றீங்க என்றார். நம்பினாரா தெரியாது. அவர் கண் முன்னாலேயே தண்ணீர் வாங்கிக் குளிசையைக் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் குவளையை அவர் கழுவும் சத்தம் நம் வீட்டில் கேட்டது.

பழைய மாதிரி வகுப்பு நிறையவில்லை. மூன்று பிள்ளைகள் வருகிறார்கள், மூவருக்கும் பின்னக் கணக்கு நடக்கிறது. நேற்று கொஞ்சம் தூங்கினேன். ஆகவே நீ வரத் தேவையில்லை, பரீட்சையை எழுது, நேரத்துக்குச் சாப்பிடு, கண்டபடி மாத்திரை வாங்கிப் போடாதே. உன்னைச் சுற்றி நல்லவர்கள் இருக்கட்டும், படிப்பு கைகூடட்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கு எங்கே அரித்தாலும், நுளம்புக் கடியாகவே இருந்தாலும், யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் அன்றைக்கே எனக்குச் சொல். சுவர் கேட்டால் கேட்கட்டும்.

உன் அம்மா,
சுதர்சினி