ஜில்லா பக்கத்தில் படுத்திருந்த செடி

இன்று மதியம் எங்கள் கல்லூரியில் உலர்ந்த செடிகள் வைக்கும் அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. மேல்தட்டில் உன் கட்டு. சணல் கயிற்றில் நீ போட்ட முடிச்சைப் பல்லால்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. படிக்கிற காலத்திலேயே உன் முடிச்சுகளுக்காக உன்னைத் திட்டியிருக்கிறேன்.

சேதி இதுதான். உன் செடிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நீ வாழப்போன அந்தப் பவழத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத புது இனம் என்று கட்டுரை வந்திருக்கிறது. செடிக்குத் தீவின் பெயர். சேகரித்தவர் என்ற இடத்தில், பொடி எழுத்தில், உன் பெயர். படித்து முடித்ததும் யாருக்காவது போன் போட வேண்டும் போலிருந்தது. நம்மோடு திருப்பதியில் தாவரவியல் படித்தவர்களில் ஒருத்தியும் இன்று செடி பக்கம் இல்லை. செல்போனை மேசையில் வைத்துவிட்டு அலமாரிச் சாவியை எடுத்தேன்.

நாம் படித்து முடித்த சமயம் திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. மற்றவர்கள் அதில் சேர்ந்து ஹைதராபாத், பெங்களூர், அமெரிக்கா என்று போனார்கள். எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. உனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குத் தீவுப் பள்ளியில் வாத்தியார் வேலை. அவர் பக்கத்தில் நிற்கும்போதே புத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் காதைக் கடித்தாய்: "அங்க ஒரு செடியாச்சும் புச்சா கெடைக்காதாடி?" புதுப் பெண் பேசுகிற பேச்சா அது!

தீவுக்குப் போய் நீ முதலில் கேட்டது பழைய பேப்பர். செடியைப் பேப்பர் மடிப்பில் வைத்து, பலகைகளுக்கு நடுவே இறுக்கி, ஈரம் குடித்த தாளைத் தினமும் மாற்ற வேண்டும். தீவுக்குப் பேப்பர் வருவதில்லை. எங்கள் வீட்டுத் தெலுங்குப் பேப்பர்களைக் கட்டி அனுப்பினேன். ஊர்ச் செய்தி வரும் சித்தூர் ஜில்லா பக்கங்களும் அதில் போயின. "உனக்குத்தான் பழசு. எனக்கு எல்லாம் புச்சு" என்று பதில் எழுதினாய். "நகரி சந்தைல மழ வந்து தக்காளிக் கூடைங்க மெதந்துக்கினு போச்சாமே, சொல்லவே இல்ல?"

பள்ளிக்குப் பின்னால், பவழக்கல் இடுக்கில் அந்தச் செடியைப் பார்த்தாய். "நம்ம ஊரு பருப்புக்கீர மாதிரியே கீது. ஆனா அது இல்லடி." இலையையும் பூவையும் வைத்துப் பார்த்தால் நீ சொன்னது சரி. ஆனால் அந்தச் செடிச் சாதியில் விதையைப் பார்க்காமல் புதுசு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதுவோ மழைக்காலத்தில் மட்டும் காய்த்தது. அந்த வருஷ மழையில் காயோடு பறித்துப் பேப்பரில் வைத்தாய். அத்தனையும் பூஞ்சணம் பூத்துப் போனது.

என்ன ஆயிற்று என்று போனில் கேட்டேன். எஸ்.டி.டி. பூத்தில் நான் வியர்த்து நிற்க, நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய்.

"சினிமா பக்கத்துல வெச்சேன்."

"அது வழவழ பேப்பர்டி. தண்ணி குடிக்குமா? படிச்சவதான நீ?"

"ஜில்லா பக்கம் இருந்துச்சு. விஜயபுரம்னு நம்ம ஊர் பேர் போட்டுக்கீற தாளு. அத எப்டி ஈரத்துல வெக்கறது? மனசு வரல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன், இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், நீ அங்கே எவ்வளவு தனியாக இருக்கிறாய் என்பது எனக்கு உறைத்தது.

அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவதாக இருந்தாய். கப்பல் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. கடைசியில் கடிதம்தான் வந்தது. "மழ வர நேரம். இந்த வாட்டி காயப் புடிச்சிட்டு, மழ வுட்டு கப்பல் ஓடுன ஒடனே வந்துர்றேன். நைனாகிட்ட நீயே சொல்லிடு." விஜயபுரம் போய் உன் அப்பாவிடம் சொன்னேன். "செடிக்கோசரமா?" என்றார் உன் நைனா. எனக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு வயல் பக்கம் போய்விட்டார்.

மழை பிடித்தது. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றது. நடுவில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மறுபடி கப்பல் ஓடியபோது உன் புருஷன் மட்டும் வந்தார், ஒரு டிரங்குப் பெட்டியோடும் நீ கட்டி வைத்திருந்த இரண்டு செடிக் கட்டுகளோடும். "உங்ககிட்ட சேத்துடச் சொன்னா" என்றார். அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். வேறென்ன செய்ய?

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அந்தச் செடி அடுத்த வருஷமும் காய்த்திருக்கும்.

ஒரு கட்டை அப்போதே அப்படியே ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன். அவர்கள் நம்பி முடிவு சொல்ல இத்தனை வருஷம். இந்த இன்னொரு கட்டை நேற்றுவரை நான் பிரித்ததில்லை. தைரியம் இல்லை.

இன்று பிரித்தேன். பூஞ்சணம் ஒரு பொட்டுக்கூட இல்லை. இலை, பூ, மூடி திறந்த காய், மடிப்பில் உதிர்ந்து கிடந்த கறுப்பு விதைகள். அடியில் ஜில்லா பக்கம். அடுத்ததிலும் ஜில்லா பக்கம். தாள் தாளாகப் புரட்டினேன். சினிமா பக்கம் ஒன்றுகூட இல்லை. நீ ஈரம் படாமல் பொத்தி வைத்திருந்த ஊரையெல்லாம் எடுத்துச் செடிக்குக் கொடுத்திருக்கிறாய். கட்டுரையில் விதையைப் பற்றி நாலு வரி இருக்கிறது. அந்த நாலு வரிதான் உன்னுடைய கடைசி மழைக்காலம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாது.

செடியை வெள்ளை அட்டைக்கு மாற்றித் தைத்ததும் பேப்பரைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். செடியை மாற்றினேன். விஜயபுரம் ஏரி நிரம்பிய செய்தியின் மேல், வேரிலிருந்து பூ வரை பழுப்புக் கறையாக அதன் உருவம் இறங்கியிருந்தது. அந்தத் தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்றைய பேப்பரைப் பிரித்து, ஜில்லா பக்கத்தைத் தனியே எடுத்து வைத்தேன். நீ போன பிறகும் கை இதை விடவில்லை. அனுப்பத்தான் விலாசம் இல்லை.

விஜயபுரத்தில் நேற்று நல்ல மழை என்று போட்டிருக்கிறான். சத்தமாகவே படித்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.