எல்லாம் ஒரே குளிசைதான்

12 பெப்ரவரி 2013, மெரிலேண்ட்ஸ்

இன்றும் இமிக்ரேஷன் கடிதம் இல்லை. தபால்காரர் பக்கத்து வீட்டில் நின்றுவிட்டு, எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் மோட்டார் சைக்கிளை வேகமாக்குகிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ? படகில் வந்தவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. பார்க் வரை நடந்து திரும்பி வருவதுதான் என் உத்தியோகம்.

இருமலும் நிற்கவில்லை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல். அடுத்த அறை ஜெயரட்ணம் அண்ணை குசினியில் சமைத்துக்கொண்டே சொன்னார்: "விக்னராஜா, இது ரீபிதான், சயரோகம். டொக்டரிட்டப் போகாதை. வருத்தக்காரனுக்கு விசா குடுக்க மாட்டாங்கள்." அவருக்கும் விசா இல்லை. ஆனால் விசாவைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சிரித்தேன். அறைக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருமினேன்.

24 பெப்ரவரி

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் என் மனைவி கஜந்தி பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறாள். மிளகாய்த்தூள், கருவாடு, கிளினிக்கின் பழுப்பு உறைகளில் என் பிரஷர் குளிசை. பாவம், வவுனியாவில் வரிசையில் நின்று வாங்கி அனுப்புகிறாள். இங்கே டொக்டரிடம் போனால் பிரஷர் என்று எழுதி வைத்துவிடுவார்கள். அதனால் பிரஷரையும் கள்ளமாகத்தான் வைத்திருக்கிறேன்.

போன் எடுத்தேன். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். எப்போதும் இப்படித்தான். என்னோடு பேச இவருக்கு விருப்பமில்லை என்று நினைத்திருப்பாள்.

8 மார்ச்

கடைசி அறையில் இருப்பவர் மபியோர். தென் சூடான்காரர், கோழித் தொழிற்சாலையில் வேலை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் நுழைந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்குள் பொதுவாக உள்ள இங்கிலிஷ் உள்ளங்கையில் அள்ளும் ஒரு சிரங்கைதான். இன்று குளிசை போட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "பிரஷர்" என்றார். "மீ பிரஷர்!" என்றேன். தொலைந்துபோன சொந்தக்காரனைக் கண்டதுபோல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தகப்பனுக்கும் சித்தப்பனுக்கும் பிரஷராம். அண்ணனுக்கு நாற்பது வயதிலேயே பாரிசவாதம். ஒரு கையைத் தொங்கவிட்டு, வாயைக் கோணலாக்கிக் காட்டினார். தங்கள் ஆட்களுக்கு இது இளவயதிலேயே வந்து கடுமையாக அடிக்கிறதாம். உப்பைக் குறைக்கச் சொல்லி நர்ஸ் ஏசினாராம். சொல்லிக்கொண்டே என் கருவாட்டைப் பார்த்தார். ஒரு துண்டு கொடுத்தேன்.

29 மார்ச், பெரிய வெள்ளி

எல்லாக் கடையும் பூட்டு. மபியோரின் குளிசை முடிந்துவிட்டது. புதன்கிழமைதான் டொக்டரிடம் போகலாமாம். தலையிடி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணனை நினைத்துப் பயப்படுகிறார்.

என் உறை ஒன்றைக் கொடுத்தேன். பிரஷர் குளிசையில் உங்களுடையது, எங்களுடையது என்று உண்டா? ஊரில் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடாதவர் யார்? இந்த நாட்டுக்கு வந்து முதல்தடவையாக, ஒருவருக்குக் கொடுக்க என்னிடம் ஏதோ இருந்தது. சந்தோஷமாக இருக்கிறது.

30 மார்ச்

இன்றும் போட்டார். தலையிடி குறைவாம்.

31 மார்ச், ஈஸ்டர்

எழுதாட்டி விசர் பிடிச்சிடும்.

காலையில் மபியோர் சர்ச்சுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குசினிக்கு வந்தார். உதடு குளவி கொட்டியதுபோல் வீங்கியிருந்தது. தேத்தண்ணீர் ஊற்றுவதற்குள் நாக்கும் தடித்துவிட்டது. பேச்சு வரவில்லை, மூச்சு இழுத்தது. நான்தான் அம்புலன்சுக்கு அடித்தேன்.

ஜெயரட்ணம் அண்ணை என்னைச் சுவரோடு இழுத்து நிறுத்தினார். "குளிசை குடுத்தனீ எண்டு வாய் திறக்காதை. பொலிஸ் கேஸ் ஆகும். பிறகு விசாவை மறந்திடு."

அம்புலன்ஸ்காரி கேட்டாள்: புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா, மருந்து போட்டாரா? நான் பேசவில்லை. மபியோர் என்னைப் பார்த்தார். நாக்குத்தான் எழும்பவில்லை, கை இருந்ததே! என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என்னைக் காப்பாத்திறாராம், மூச்சு முட்டுற மனிசன்! எனக்குப் பொறுக்கேல்லை.

ஓடிப்போய் உறையை எடுத்து வந்தேன். "மை டேப்லெட். ஐ கிவ்."

1 ஏப்ரல்

தொண்டைக்குள் குழாய். கண் மூடிக் கிடக்கிறார். பொலிஸ் வரவில்லை. வந்தாலும் பரவாயில்லை, இவர் எழும்பட்டும்.

3 ஏப்ரல்

குழாயை எடுத்துவிட்டார்கள். ஜெலி கேட்டாராம். கடவுளே, நன்றி.

டொக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். இந்தியத் தமிழ் அம்மா. "சார், இந்த வகை மாத்திரையால சிலருக்கு உதடு, நாக்கு வீங்குமாம். ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களுக்கு அது மத்தவங்களை விட அதிகமாம். பிரஷர் மாத்திரை எல்லாம் ஒண்ணு இல்லைன்னு சொல்றாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. அடக்கப் பார்த்து இன்னும் கூடியது. டொக்டர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருமல்னு கேக்குறாங்க, சார்."

"இருமல் இல்லை" என்று இருமினேன்.

டொக்டர் சிரித்துவிட்டார். பிறகு நீளமாகச் சொன்னார். "இதே மாத்திரைதான் வறட்டு இருமலும் தருமாம், சார். டிபி டெஸ்டும் எடுத்துப் பாத்துடலாமாம், உங்க பயம் போகட்டும்னு. அப்புறம், அவங்க டாக்டராம், இமிக்ரேஷன் ஆபீசர் இல்லையாம்."

கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். நல்லாவே ஏறிக் கிடந்தது. வேறு குளிசை எழுதித் தந்தார். ஜெயரட்ணம் அண்ணையின் பேச்சைக் கேட்டு இவ்வளவு நாள் அறைக்குள் ஒளித்து இருமினேனே, நான் என்ன மடையன்!

17 ஏப்ரல்

ரீபி இல்லை. கடிதமும் இல்லை.

19 மே

இருமல் முழுதாக நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் என் சத்தம் இல்லாமல் மபியோருக்கு நித்திரை வருவதில்லையாம். நக்கல்.

கஜந்தியோடு இன்று ஆற அமரப் பேசினேன். ஒருதரம்கூட இடையில் போனை வைக்கவில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னப்பா, விசா கிடைச்சிட்டுதோ?"

"இல்லை. இஞ்ச டொக்டர் வேற குளிசை தந்தவ. நீ இனி அனுப்பாதை."

"உண்மையாவோ? இனி ஒருக்காலும் வேண்டாமோ?"

"வேண்டாம்."

அந்தப் பக்கம் கிளினிக் உறை சரசரப்பது கேட்டது.

"அப்ப இனி என்ர பிரஷர் குளிசையை நானே போடலாம்" என்றாள்.