நடக்காத பயிற்சிக்கு வராதவன்

மச்சானுக்கு,

பாலம் ஆற்றோடு போய், உன் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் படகில் வந்தார்களே, அந்த வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அந்த வருடம் ராணுவப் பயிற்சிப் பள்ளி திறக்கவே இல்லை. அங்கே சமையல்காரன் நான். ஒரு நாள்கூட அடுப்பு மூட்டவில்லை. பதிவேடு எழுதிய நீயோ, கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று, பட்டாளத்திலிருந்து பயிற்சிக்கு வர வேண்டிய என் மகன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதி வைத்தாய். அவனுக்குப் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போனது.

பதவி உயர்வுத் தேதியைத் திருத்தச் சொன்னால், ராணுவ அலுவலகத்தில் பயிற்சி நடக்கவில்லை என்று சான்று கேட்கிறார்கள். பள்ளி குமாஸ்தாவோ, "நடந்ததுக்குத்தான் தாத்தா சான்று, நடக்காததுக்கு எப்படித் தர்றது?" என்கிறான்.

"நானே சாட்சிப்பா."

"நீங்க கைநாட்டு. பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவங்க யாராவது வரணும்."

எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

அடுத்த மாதம் அவனுக்கு ஓய்வு. அதற்குள் திருத்தாவிட்டால், தனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவான்.

உன் அக்காள் பாடையைத் தூக்கிய நாளில் நீ வராததைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். பள்ளித் தலைவர் போய்விட்டார். பயிற்சி ஆசிரியரும் போய்விட்டார். உயிரோடு இருப்பது நீ ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்