வெள்ளிக்கை வேலனின் அப்பா

மந்தின்
10 மார்ச் 2024

அன்பு மகள் புனிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கேட்ட படங்கள் இதோடு வருகின்றன. அவற்றை எடுக்கப்போய் இந்தத் தாமான் குடியிருப்பில் என் மானம் போன கதையை முதலில் கேள்.

நீ சொன்னபடி பழைய காக்கிச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு வீரமுத்து காருக்கு அந்தப் பக்கம் நின்று கைப்பேசியைப் பிடித்தான். கொஞ்சம் குனிந்து, ஒரு கையைக் கன்னத்தில் வைத்து, வாய் நிறையச் சிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சும்மா நின்றால் சிரிப்பு வருமா? ஏதாவது சொல்லிச் சிரிக்க வைடா என்றேன். அவன் யோசித்து யோசித்து முழித்ததைப் பார்த்தே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு லெட்சுமி கேட்டைத் திறந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாகச் சிரிக்கிற கிழவனைக் கண்டு பயந்து, உள்ளே ஓடிப்போய்ப் பனடோல் மாத்திரை கொண்டுவந்தாள். "அண்ணே, பல்லுவலியோட சிரிக்காதீங்க, தலைக்கு ஏறிடும்" என்றாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உன் அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த முகம் யாருக்கு என்று நீ எழுதவில்லை. வில்லனாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெள்ளிக்கை வேலனிடம் அடி வாங்குவதென்றால் பெருமைதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது வாரப் பத்திரிகையில் வந்த படக்கதை. லாபு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பெட்டியில் பூட்டி வைத்திருந்து, பிறகு உனக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் கறையான் படித்து முடித்தது. இன்றைக்கு அதே கதையைப் புதுப் பிள்ளைகளுக்காக முதலிலிருந்து எழுதி வரைய என் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டு நின்றவன் வேறென்ன கேட்பேன்?

நீ கேட்ட தோட்டத்து விஷயங்கள் தனித்தாளில் இருக்கின்றன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது, வாளியில் பால் சுமப்பது, நான் அதை லாரியில் ஸ்டோருக்குக் கொண்டுபோய் இறக்குவது, எல்லாம். ஒன்றே ஒன்று. வேலனின் அப்பா அம்மாவைப் புலி அடிக்கிற இடத்தையும், இடி விழுந்த ரப்பர் மரத்துப் பால் அவன் கையில் வழிந்து வெள்ளியாகக் காய்கிற இடத்தையும் நன்றாக வரை. அங்கே வந்ததும் நீ என் விரலைப் பிடித்துக்கொள்வாய்.

எழுதியதை வீரமுத்து படம் பிடித்து அனுப்புவான். கைப்பேசியில் தட்டினால் என் விரலுக்கு ஒரே சமயத்தில் மூன்று எழுத்து விழுகிறது.

உன் மாடல்,
அப்பா அர்ச்சுனன்

———

சிங்கப்பூர்
24 மார்ச் 2024

அன்புள்ள அப்பா,

படங்கள் கிடைத்தன. நான் நினைத்தது அப்படியே வந்திருக்கிறது. வீரமுத்து மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள். லெட்சுமி அக்காவின் பனடோலை வெயிலில் வைக்காதீர்கள்.

புலியும் இடியும் இருக்காது அப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்று பதிப்பகத்தில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வானத்திலிருந்து விழுந்த சக்தி இனி எடுபடாது. ஒருவன் ஏன் வீரனாகிறான் என்பதற்கு அவன் வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும். அதனால் புதுக்கதையில் அப்பா சாகவில்லை. உங்கள் முகம் வேலனின் அப்பாவுக்குத்தான்.

வரைந்து முடித்ததும் அனுப்புகிறேன். அதுவரை எதுவும் கேட்காதீர்கள், ப்ளீஸ். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

புனிதா

———

மந்தின்
2 ஜூன் 2024

அன்பு மகளுக்கு,

பக்கங்கள் வந்தன. வீரமுத்து வீட்டுப் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தோம். 'வேலனோட அப்பா நான்தான்' என்று நான் கடைத்தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருந்ததால், மளிகைக் கடை தர்மேந்திரனும் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டான்.

முதல் பக்கங்களுக்குக் கை தட்டினார்கள். பெரட்டுக் களம், லயத்துப் பைப்படி, என் லாரியின் உடைந்த விளக்கு, எல்லாம் அச்சு அசல் லாபு தோட்டம். அப்புறம் பால் ஸ்டோர் வந்தது. லாரி பிந்தி வந்ததற்குச் உதவி மேனேஜரான சின்னத் துரை வேலனின் அப்பாவை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைகிறார். அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சிரிக்கிறார். 'விடுங்க தொர, உங்க கைதான் வலிக்கும்' என்கிறார். சுற்றி நிற்கிற சனமெல்லாம் சிரிக்கிறது. லாரிக்குப் பின்னால் நிற்கிற பையன் மட்டும் சிரிக்கவில்லை. இறுக்கி மூடிய அவன் கை வெள்ளியாகிறது. கீழே கட்டத்தில், 'இந்த மனிதனைப் போல் ஆகக்கூடாது என்று அன்று முடிவு செய்தான்' என்று போட்டிருக்கிறாய்.

வீரமுத்து ரிமோட்டைத் தேடினான். தர்மேந்திரன்தான், "கதைதானேண்ணே" என்றான். "மூக்கைக் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாம் லா" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

மா, ஒரு சின்ன விண்ணப்பம். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது என்றாயே. அந்தப் புலியைத் திருப்பிக் கூப்பிட முடியுமா? பிள்ளைகள் புலியை நம்பமாட்டார்கள் என்றால் லாரி கவிழ்ந்து சாகட்டும். நான் ஓட்டிய லாரியைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். செத்துப்போன அப்பாவாக இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பழைய கதையில் அவருக்கு நல்ல பெயர்.

உன் அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை. லைன் ஸ்லோ, படம் இறங்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா

———

சிங்கப்பூர்
19 ஜூன் 2024

அப்பாவுக்கு,

அது நீங்கள் இல்லை, வெறும் கதாபாத்திரம் என்று முதலில் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

அன்றைக்குப் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள். உங்களோடு லாரியில் முன்சீட்டில் ஏறி வீட்டுக்குப் போகலாம் என்று ஸ்டோருக்கு ஓடிவந்தேன். எனக்கு எட்டு வயது. அடித்தவரின் முகம்கூட இப்போது ஞாபகமில்லை, வேறு யாரையோ பார்த்துத்தான் வரைந்தேன். உங்கள் சிரிப்பை வரைய எனக்குப் படமே தேவையில்லை. சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று பார்க்கத்தான் கேட்டேன். சரியாகத்தான் இருந்தது.

தோட்டத்தை விற்று லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது சிரித்தீர்கள். நான் கேட்ட படிப்பு கிடைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, என்னைப் பற்றியே ஒரு ஜோக் சொன்னீர்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது டாக்டரையே சிரிக்க வைத்தீர்கள். எங்களையும் கூடவே சிரிக்க வைத்தீர்கள். அழ வேண்டிய நாள் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை அப்பா.

அந்த ஒரு பக்கத்தை வரைந்து காட்டித்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. பதிப்பகத்தில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் வேலன் ஏன் வேலனானான் என்பதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை. புலியைக் கொண்டுவர என்னால் முடியாது.

ஆகஸ்ட் 17, சனிக்கிழமை கோலாலம்பூரில் வெளியீடு. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

புனிதமலர்

———

மந்தின்
18 ஆகஸ்ட் 2024

புனிதா,

இதை வீரமுத்துவிடம் கொடுக்கவில்லை. படம் பிடிக்கிற சாக்கில் படித்துவிடுவான். தபாலில் போட்டால் வரும். இன்னும் ஸ்டாம்பு வாங்கவில்லை.

நேற்று ரயிலேறி வந்தேன். அப்பா என்று சொல்லிக்கொண்டு முன்னால் போகக் கூச்சமாக இருந்தது. ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு எல்லாரையும் போல வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "என்ன லா இந்த அப்பா, அடி வாங்கிட்டுப் பல்லக் காட்டுறாரு" என்றது ஒன்று. இன்னொன்று என் பக்கம் திரும்பி, "அங்கிள், நெஜமாவே இப்படி அப்பா இருப்பாங்களா?" என்று கேட்டது.

"இருப்பாங்கம்மா. மானங்கெட்டவன் ஒருத்தன் எங்க தோட்டத்துலயே இருந்தான்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். பழக்கதோஷம், கையும் கன்னத்துக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, புத்தகத்தைப் பார்த்தது, பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டது. அப்போதுதான் நீ மேசையிலிருந்து நிமிர்ந்தாய். நான் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாய். குனிந்துகொண்டாய்.

என் முறை வந்ததும், கூட்டத்து மும்முரத்தில், யார் பேருக்கு என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தாய். வேலனோட அப்பாவுக்கு என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாய். புத்தகம் எப்படியிருக்கு என்று கேட்டாய். படம் ரொம்ப அருமை என்றேன். அது பொய் இல்லை. பின்னால் ஆள் நின்றதால் நகர்ந்துவிட்டேன்.

நீ சிங்கப்பூர் திரும்பிய பஸ் நம் பக்கத்துச் சிரம்பானைத் தாண்டித்தான் போயிருக்கும். நீ இறங்குவாய் என்று அம்மா மீன்கறி வைத்திருந்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். மூடி வைத்தாள். கறியை மறுபடி சூடு பண்ணப் போனாள்.

அங்கே மேசை முன்னால் நின்று சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அன்றைக்கு அடி விழுந்ததும் நான் முதலில் சுற்றிப் பார்த்தேன். உன் அம்மா பஞ்சாலை காட்டில் பால்வெட்டில் இருந்தாள். நீ பள்ளியில் இருக்கிறாய் என்று நினைத்தேன். சரி, சிரித்துத் தொலைப்போம், சனமும் சிரித்துவிட்டால் இது அடியாக வீடு வந்து சேராது, வேடிக்கையாகத்தான் வரும் என்று தோன்றியது. சாயங்காலம் வழக்கம்போல வேலனை எடுத்துக்கொண்டு உன் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ கதை வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ என்னைப் படிக்கச் சொல்லவே இல்லை. பிள்ளை பெரியவளாகிவிட்டாள், தானாகவே படிக்கிறாள் என்று உன் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

தோட்டமே பார்த்தாலும் என் பிள்ளை பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் மறுநாள் பெரட்டுக்குப் போனேன்.