மஞ்சள் வாளியில் விழுந்த பச்சை

மாமா,

இதனால் தெரிவிப்பது யாதெனில், இன்று காலை எட்டரை மணிக்கு நம் வரிசை வீடுகளில் மூன்றாம் வீட்டு வாசலில் ஒரு வாளிச் சுண்ணாம்பு கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. என் செருப்பு மட்டும் வெளுத்துவிட்டது.

தசராவுக்குச் சுவரடிக்கச் சித்தய்யா வந்திருக்கிறார். ஈரச் சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியதும், போன வருஷம் இதே வாசலில் கைத்தடியோடு நின்ற உங்கள் நினைவு வந்தது. வீட்டுக்காரரான நீங்கள் கண்மூடிய பின் வரும் முதல் தசரா.

நாடு குடியரசான பிறகும் நம் நான்கு வீடுகளில் உங்கள் ராஜ்யம்தான் நடந்தது. எல்லாச் சுவரும் மஞ்சள் என்பது சட்டம். மூன்றாம் வீட்டில் குடியிருக்கும் என் அம்மாவோ போன வருஷம் கூடத்துக்குப் பச்சை கேட்டாள். அவள் கதவுக்குப் பின்னால், நீங்கள் முன்னால். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் நேரே பேசுவது மரியாதை இல்லையாம். நடுவில் தூதன் நான்.

"அம்மாகிட்டச் சொல்லுடா. ஓராத்துக்குப் பச்சைன்னா அடுத்தாத்துல ஊதா கேப்பா. அப்புறம் இது வீடா, தசரா யானையா?"

"மாமாகிட்டச் சொல்லு. காமாலையில மூணு மாசம் படுத்துண்டு அந்த மஞ்சளையேதான் பாத்துண்டிருந்தேன். பிழைப்பேனோ மாட்டேனோன்னு கிடந்த சுவர் அது. மறுபடியும் அதே மஞ்சளா?"

இதை நான் திருப்பிச் சொல்வதற்குள் உங்கள் தடி தட்டுவதை நிறுத்திவிட்டது. "மஞ்சள்தான்னு சொல்லிடுடா" என்றீர்கள். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

பிறகு நடந்தது என் வீர சரித்திரம். மறுநாள் சித்தய்யா சாப்பிடப் போன நேரத்தில், எங்கள் வாளியில் ஒரு பொட்டணம் பச்சைப் பொடியைக் கொட்டிக் கலக்கினேன். சாயங்காலம் எங்கள் கூடம் நாற்றங்கால் மாதிரி நின்றது. நாலு வீடும் கூடிவிட்டது.

"எவன்டா என் மஞ்சள்ல பச்சையைக் கொட்டினது? இந்தக் கடன்காரனா! மறுபடி அடிக்கத் தெம்பில்லை, இருந்து தொலையட்டும்!" என்று கத்தினீர்கள்.

பக்கத்து வீட்டு மாமி, "அப்போ எங்காத்துக்கும்..." என்று இழுத்தாள்.

"உங்காத்துல இப்படி ஒரு குரங்கு இருக்கா?"

மாமி உள்ளே போய்விட்டாள். சுவர் காய்ந்ததும் அம்மா அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நானோ வீட்டுக்காரரையே ஏமாற்றிய சூரன் என்று ஒரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மார்தட்டினேன். நம்பாதவர்களிடம், "இது பச்சைப் பொய்யில்லை, பச்சை உண்மை" என்றேன்.

இன்று காலை சித்தய்யாவிடமும் அளந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் திடுக்கிட்டுப் பின்வாங்கியபோதுதான் என் கால் பட்டு வாளி கவிழ்ந்தது.

"ஒரு பொட்டணமா? அது வாளிக்கு மூக்குப்பொடி, சாமி! நாலு பொட்டணம் யஜமானர் அன்னிக்குக் காலையிலேயே குடுத்திட்டார். 'பையன் ஏதோ பண்ணப் போறான், நிஜார்ப் பையெல்லாம் பச்சை. நீ மெதுவா சாப்ட்டுட்டு வந்து இதையும் கலந்துடு'ன்னார்."

நாலு வீட்டார் முன்னால் ஏமாளியாக நின்று, சட்டத்தையும் காப்பாற்றி, அம்மாவுக்குப் பச்சையையும் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்களே மாமா!

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் உள்ளதைச் சொல்லியாக வேண்டும், ஏமாந்தவன் நான்தான். அந்த நிஜார் இப்போது எனக்குக் குட்டை. துவைத்துத் துவைத்தும் பையின் பச்சை மட்டும் போகவில்லை. அம்மா அடுப்படிக் கரித்துணிக்குக் கேட்டாள், கொடுக்கவில்லை.