தராசில் ஏறிய இன்ஹேலர்கள்

என் செல்ல வாலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீ சுகமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நானாகவே நம்பிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இதை முதல் வரியை நிரப்ப வேண்டுமே என்பதற்காக எழுதவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம், அதிலும் உன் அம்மா சௌக்கியம், அதைச் சொல்லத்தான் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அவள் பிடுங்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் பேசுவாள், என் பெருமை எல்லாம் பாதியில் நின்றுவிடும். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் போதும் என்று விட்டுவிட்டோம்.

நீ அனுப்பினாயே வட்டமாக ஒரு இன்ஹேலர், பிழை அங்கேதான் ஆரம்பித்தது, பாதிப் பிழை உன்னுடையது, விலைச் சீட்டைக் கிழிக்காமல் அனுப்பிவிட்டாய். அம்மா உடனே அதை நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்தாள், பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, இந்தக் காசுக்கு ஒரு பழைய தையல் மெஷினே வாங்கிடலாமே, இதப் போய் வாயில வெச்சு உறிஞ்சித் தீர்க்கவா" என்றாள். தீர்க்கவில்லை. அதைக் கண்ணாடி அலமாரியில், விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவசரத்துக்கு இருக்கட்டுமாம். வெள்ளிக்கிழமை தோறும் துணியால் துடைப்பு வேறு. மாடி வீட்டு அம்மா வந்தபோது எடுத்துக் காட்டி, "எம் பொண்ணு அனுப்பினது, இங்கெல்லாம் கிடைக்காது" என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்தாள். மூச்சு முட்டினால் பழைய நீல பம்ப், அதையே மாவரைக்கிற மாதிரி ஓயாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். தைக்க உட்கார்ந்தால் ஒரு அமுக்கு, துணி வெட்டினால் ஒரு அமுக்கு, என்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று, திட்டி முடித்ததும் ஒன்று.

டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், நீலம் மூச்சு முட்டும் நேரத்துக்கு மட்டும், மற்றது முட்டாமல் இருப்பதற்கு, அதைத்தான் தினமும் இழுக்க வேண்டும் என்று. இவள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தாள். போன தடவை ரொம்ப முட்டி, மூச்சுக்கு ஆவி மெஷின் வைக்க அவரிடம் போனபோது என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "இதே மாதிரி போனா அடுத்த தடவை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், படுக்கையிலதான் போடணும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க" என்றார். உனக்கு அப்போது இதை எழுதவில்லை, நீ பாதி ராத்திரியில் டிக்கெட் போட்டுவிடுவாய் என்று தெரியும். அன்றைக்கே அவளிடம் ஆரம்பித்தேன். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன், அவள் அதையும் மிச்சம் என்று எடுத்து வைத்துவிட்டாள். உன் அம்மாவை வழிக்குக் கொண்டுவரக் கண்ணீர் உதவாது, கணக்குதான் உதவும் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது.

கணக்கு என்று வந்துவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரன் யோசிப்பானா. மருந்துக்கடைக்காரம்மாவிடம் கைமாற்றாக ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிக்கொண்டேன், நீல பம்ப், தினமும் இழுக்கிற பம்ப், பொடி அடைத்த கேப்ஸ்யூல் டப்பா ஒன்று, கூட அலமாரியிலிருந்து நீ அனுப்பியதையும் கிளப்பிக்கொண்டு கடைக்கு வந்து, செம்பு பித்தளை நிறுக்கிற சின்னத் தராசில் ஏற்றிவிட்டேன். எடைக்கு என்ன விலை விழுகிறது என்று பார்த்துவிட்டால் எது மலிவு என்று தெரிந்துவிடாதா. தெரிந்தது. நீல பம்ப் அடிமாட்டு விலை. கேப்ஸ்யூல் இருக்கிறதே, தராசு முள்ளே அசையவில்லை, தங்கம் தோற்றுவிடும். இதைப் பெரிய மனுஷனாட்டம் வீட்டில் போய்ச் சொல்லித் தொலைத்தேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நான் என்ன சொன்னேன், படிக்காதவ சொன்னா ஏறாது, தராசு சொன்னாத்தான் ஏறும்" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே நீல பம்பை எடுத்து வெற்றிச் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினாள். அவளைத் தோற்கடிக்கப் போய் நானே அவளுக்கு ஆயுதம் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் பார்.

சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மருந்துக்கடைக்காரம்மா என்ன ஆச்சு என்று கேட்டது, சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று இருமல் மருந்து பாட்டில்களுக்கு நடுவே விழுந்துவிட்டது. "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க, தகரத்தையும் சேர்த்தா நிறுத்தீங்க?" என்றது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல ஆகிவிட்டது. பிடி போட்ட வாணலி வந்தால் மரப்பிடிக்குக் கழிவு போடுகிறவன், சேறு ஒட்டிய கம்பிக்குக் கழிவு போடுகிறவன், சொந்த மாமனார் கொண்டுவந்த பித்தளைக் குடத்துக்கே அடியில் இருந்த ஈயத்தைக் கழித்தவன் நான், என் பெண்டாட்டியின் மூச்சு மருந்தை டப்பாவோடு, மூடியோடு, உள்ளே இருக்கிற காற்றோடு நிறுத்திருக்கிறேன். சீட்டை நீட்டிக்கொண்டு பின்னால் நின்ற ஆட்டோக்காரர் வேறு, "ஐயா, என் தலைவலி மாத்திரையையும் கொஞ்சம் நிறுத்துக் குடுங்களேன்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய.

அப்புறம் அந்த அம்மா, என் பையிலேயே கிடந்த உன் வட்டத்தையும் சேர்த்து நான்கையும் மேஜைமேல் வரிசையாக வைத்து எனக்குப் பாடம் எடுத்தது. எடையைப் பார்க்கக் கூடாதாம், ஒன்று வாங்கினால் எத்தனை நாளைக்கு வரும் என்று பார்க்க வேண்டுமாம். நீ அனுப்பிய வட்டம் ஒரு மாதத்துக்கு வரும், விலைதான் யானை விலை. அதே மருந்து பம்பாக இங்கேயே கிடைக்கிறது, அதில் பாதிகூட ஆகாது. கேப்ஸ்யூலாக வாங்கினால் அதைவிடவும் குறைவு, போட்டு இழுக்கிற பிளாஸ்டிக் குழலை முதலில் ஒரு தடவை வாங்கினால் போதும். ஒரு நாள் செலவு எவ்வளவு என்று பார்த்தால், நம் தெருமுனையில் நான் குடிக்கிற ஒரு டீ. "இப்ப நீலத்துக்கு வாங்க" என்றது. ஒன்று வாங்கினால் மலிவுதான், ஆனால் அம்மா தீர்க்கிற வேகத்துக்கு மாதத்துக்கு எத்தனை, அதோடு ஆவி மெஷினுக்கு, ஊசிக்கு, ஆட்டோவுக்கு, அவள் தைக்காமல் படுத்த நாட்களுக்கு என்று எல்லாவற்றையும் கூட்டிக் காட்டியது. "மலிவுன்னு நீங்க நினைக்கிற இதுதாண்ணே உங்க வீட்லயே விலை கூடின சாமான்." கடைசியில் வட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னது, அதில் போட்டிருக்கிற தேதி அடுத்த மாதத்தோடு முடிகிறது என்று.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். டீக் கணக்கை எடுத்துச் சொன்னேன், அம்மா அரை மனதாகக் கேட்டாள், "நீங்க டீயை நிறுத்துங்க, பார்க்கலாம்" என்றாள். சரி, நிறுத்தினேன் என்றேன், நம்பவில்லை. அப்புறம்தான் தேதி விஷயத்தைச் சொன்னேன். பார்க்க வேண்டுமே அவளை! தையலைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஐயையோ, எம் பிள்ளை காசு குப்பைக்கா போகும்? இதை மொதல்ல சொல்லக் கூடாதா? இந்த ஆளுக்கு எதை முன்னால சொல்லணும் எதைப் பின்னால சொல்லணும்னே தெரியாது!" என்று சொல்லிக்கொண்டே உறையைக் கிழித்து, இரண்டு வேளையும் தவறாமல், ஒரு இழுப்புகூட வீணாகாமல் இழுக்க ஆரம்பித்துவிட்டாள். செலவு செய்ய மனம் வராதவளுக்கு வீணாக்க அதைவிடவும் மனம் வராது என்பது இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்குத் தோன்றவில்லையே. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் விடவில்லை, நான் மறந்தால் எனக்கு நினைவுபடுத்துகிறாள், நான் எதற்குக் கொப்பளிக்க வேண்டும் என்று கேட்டால் தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிறாள்.

வட்டம் தீரும்போது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு குழலில் ஊதச் சொல்லிப் பார்த்தார், இழுக்கச் சொல்லிப் பார்த்தார், நல்ல இழுப்பு இருக்கிறது, கேப்ஸ்யூலுக்கு மாறலாம் என்று எழுதிக் கொடுத்தார். நீலம் அவள் தையல் பையிலேயே இருக்கட்டும், அவசரத்துக்கு அதுதான் என்றார். நேற்று சாயங்காலம் புதுக் குழலோடு வந்து இறங்கினேன். எனக்குத்தான் பாடம் எல்லாம் தெரியுமே, தள்ளி உட்கார், நான் காட்டுகிறேன் என்று ஒரு கேப்ஸ்யூலைப் போட்டு, திருகி, வாயில் வைத்து, இழுப்பதற்குப் பதிலாக முழு பலத்தோடு ஊதிவிட்டேன். அத்தனை பொடியும் கிளம்பி என் மீசையில், மூக்கில், கண்ணாடியில். அம்மா ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பார், சட்டைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு, "ஒரு டீ போச்சே, ஒரு டீ போச்சே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமே, சிரிப்பு பாதியிலேயே இருமலாகும், இருமல் இழுப்பாகும், அதற்குப் பயந்து ரொம்ப நாளாக அவள் உதட்டோடு நிறுத்திக்கொள்வாள். நான் வெள்ளை மீசையோடு பாய்ந்து போய் நீல பம்பை எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன். அவளும் சட்டென்று நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, இருமலுக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நின்றோம். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தோம். வரவே இல்லை. "வரலங்க" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம் திரும்ப ஆரம்பித்தாள் சிரிக்க, இந்தத் தடவை வாய்விட்டு, மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்கு. கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு அது. உனக்குக் கேட்டிருக்காதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

இனிமேல் அங்கிருந்து மருந்து அனுப்பாதே, அந்தப் பணத்துக்கு உனக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கு. முக்கியமான விஷயம், போன தடவை போனில் பேசும்போது நீ நடுநடுவே இருமினாய், தண்ணீர் குடித்தேன் என்று சமாளித்தாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்குச் சொல், சொல்லாவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன், அப்புறம் உன் பாடு. நீ நினைத்தது எல்லாம் நடக்கட்டும், நெஞ்சு நிறைய மூச்சும் வாய் நிறையச் சிரிப்புமாக நீ நூறு வருஷம் இரு. அம்மா உள்ளேயிருந்து, நான் அவளை விசாரித்ததாக எழுதுங்கள், மீசைக் கதையை மட்டும் எழுதாதீர்கள், பாவம் உங்கள் மானம் என்கிறாள். எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா